தோற்கச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள்

முரளி,

நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் உட்கார்ந்து நீ சொன்ன கதை முழுக் கதை இல்லை. உனக்குத் தெரிந்த வரைக்கும் சரியாகத்தான் சொன்னாய். யாமினியின் அப்பா, "சின்ன வயசுல இன்னா வெளாடுவீங்க மாப்ள?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார். நீ, "டிவி கேம் மாமா. ரெண்டு பேர் சண்ட போடற கேம். அதுல தோத்துத் தோத்துதான் எங்கப்பாவுக்கு வேல பர்மனென்ட் ஆச்சு" என்றாய். அப்புறம் மேனேஜர் வீட்டு ஹாலில் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாய். பந்தி முழுக்கச் சிரித்தது. யாமினி உன் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. உன் அம்மா மட்டும் சிரிக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ கவனித்திருக்கமாட்டாய். கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நேரில் சொல்லும் தைரியம் இல்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய்.

நீ சொன்ன கதையில் தேவராஜ் இல்லை. மறந்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. அவர் பெயரை நீ பத்தொன்பது வருடமாகச் சொல்வதில்லை. அவர் மேல் உனக்குக் கோபம். அந்தக் கோபத்தை உனக்குள் வைத்தது நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்ததே தேவராஜால். கம்பி உருட்டும் அந்த மில்லில் அவர் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர். வயதில் என்னைவிடச் சின்னவர், அதனால் என்னை அண்ணா என்பார், நான் தேவா என்பேன். வேலையில் எனக்கு அவர்தான் வாத்தியார். பேனல் போர்டைத் திறந்து எந்த ஒயர் எங்கே போகிறது என்று என் விரலைப் பிடித்துக் காட்டியவர். நாம் குடியிருந்த லைன் வீட்டில் மூன்று கதவு தள்ளி அவரும் மனைவி ஸ்டெல்லாவும் இருந்தார்கள். குழந்தை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நீ பையை நம் வீட்டில் எறிந்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடுவாய். ஸ்டெல்லா உனக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தார்.

அந்த டிவி கேம் பெட்டியை தேவராஜ் ஹைவேஸ் ஓரத்துக் காயலான் கடையில் பார்த்து எடுத்துவந்தார். யாரோ தூக்கிப் போட்டது. அப்போதே பழசு, அதில் ஆடிய பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பார்கள். மஞ்சளேறிய பிளாஸ்டிக், ஒரே ஒரு கேசட், ஒயர் அறுந்த இரண்டு ரிமோட். ஒரு வாரம் உட்கார்ந்து பற்றவைத்து, கேசட்டின் பித்தளைப் பல்லை உன் ரப்பரால் தேய்த்து, அதற்கு உயிர் கொடுத்தார். படம் வந்ததும் நீ போட்ட சத்தத்தில் லைன் வீடே எட்டிப் பார்த்தது. இரண்டு ஆட்கள் எதிரெதிரே நிற்பார்கள். மேலே இரண்டு பக்கமும் பச்சையாக ஒரு கோடு. அடி வாங்க வாங்கக் கோடு தேய்ந்து சிவப்பாகும். மூன்று ரவுண்டில் இரண்டை எடுத்தவன் ஜெயித்தவன். எட்டுப் பேரில் நீ எப்போதும் எடுப்பது குடுமி வைத்த ஒல்லி ஆளை. தேவராஜ் தொப்பை பெருத்த பயில்வானை எடுப்பார். கீழ்ப் பட்டனையும் முன் பட்டனையும் அழுத்திக் குத்தினால் குடுமிக்காரன் சுழன்று எழுந்து அடிப்பான் என்பதை நீயே கண்டுபிடித்தாய்.

தேவராஜ் உனக்கு ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. நீ தோற்று அழுவாய். நான் ஒரு தடவை, "சின்னப் பையந்தானே தேவா, ஒரு ஆட்டம் உடேன்" என்றேன். "உட்டா அவன நான் ஏமாத்தின மாதிரிண்ணா. அவனே ஒரு நாளு என்னிய அடிப்பான் பாரு" என்றார். நான்கு மாதம் கழித்து நீ அவரை அடித்தாய். தேவராஜ் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லைன் வீட்டில் ஒவ்வொரு கதவாகப் போய், "தோத்துட்டேன்பா, நான் தோத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மனிதன் தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடியுமா என்று நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்ததோடு சரி. அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு உன்னை மில்லுக்குக் கூட்டிப்போனேன். மேனேஜர் அப்போதுதான் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். அவர் பையனுக்கும் உன் வயதுதான். இங்கே அவனுக்குச் சிநேகிதர்கள் இல்லை. பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் அரைமணி நேரம் அந்தச் சண்டை கேமைப் பற்றியே பேசினீர்கள். அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பெட்டியில் அவனும் அதே கேமை ஆடிக்கொண்டிருந்தான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழமை பையனக் கூட்டிட்டு வாய்யா, ரெண்டும் வெளையாடட்டும்" என்றார். மூன்று வருடத்தில் அவர் மாதிரி ஒரு ஆள் என்னிடம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சமயத்தில்தான் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்களில் ஒருவரை மட்டும் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று மில்லில் பேச்சு. அந்த ஒருவர் தேவராஜ் என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் எனக்கு முளைத்தது.

முதல் ஞாயிறு நீ எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாய். மேனேஜர் பையன் ரிமோட்டைச் சுவரில் எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். அவன் அம்மா நம்மைப் பார்த்த பார்வையில் நான் குறுகிப்போனேன். திரும்பும்போது சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்த உன்னிடம் சொன்னேன்: "அடுத்த வாரம் அவன் ஜெயிக்கட்டும் நைனா."

"இன்னாத்துக்குப்பா? அவனுக்கு அடிய தடுக்கவே தெர்லப்பா. நான் சொல்லித் தரேன், ரெண்டு வாரத்துல கத்துக்குவான்."

"சொல்லிலாம் தர வாணாம். நீ தோத்துடு. மூணுல ஒண்ணு நீ எடு, ரெண்ட அவனுக்கு உட்டுடு. தெரியாத மாதிரி உடணும்."

"அவனுக்குத் தெரிஞ்சா?" என்றாய். "தெரியாத மாதிரி உடறதுதான் கெட்டிக்காரத்தனம்" என்றேன். பதினோரு வயதுப் பிள்ளையிடம் அப்பா சொன்னது அது. உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அவங்கிட்ட நீ பல்லக் காட்றது பத்தாதுன்னு புள்ளையும் காட்டணுமா?" என்றாள். "உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா பேஜார் பண்ணாத" என்று அடக்கிவிட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நீ கற்றுக்கொண்டாய் முரளி. நான் நினைத்ததைவிட நன்றாகவே. மூன்றாவது ரவுண்டில் உன் கோடு நூலளவு மிஞ்சும்வரை இழுத்துப்போய், ஒரு கால் வீச்சைத் தவறவிட்டு விழுவாய். "சே!" என்று தொடையில் அடித்துக்கொள்வாய். மேனேஜர் பையன் துள்ளுவான். அவன் அம்மா உனக்கு கேக் கொண்டுவந்து வைப்பாள். நான் வாசல்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் அல்ல, பெருமை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

தேவராஜுக்கு உன் கையிலிருந்துதான் தெரிந்தது. ஒரு சாயங்காலம் அவரோடு ஆடும்போதும் நீ கடைசி அடியைத் தவறவிட்டிருக்கிறாய். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உன்னைக் கேட்டிருக்கிறார், நீ சொல்லிவிட்டாய். மறுநாள் மில்லில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா, பையனத் தோக்கச் சொல்றியாமே?"

"பசங்க வெளாட்டு தேவா."

"வெளாட்டுதான். அதான் கேக்கறேன்." டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவைத்தார். "பர்மனென்ட்டுக்குன்னா நீ எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ணா."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. கொடுத்திருப்பார் என்று நினைக்கும் நாட்களில்தான் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

பிறகு நீ பந்தியில் நடித்துக்காட்டிய அந்த ஞாயிறு. மேனேஜர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரிய பையன் மேனேஜர் பையனை வரிசையாக ஐந்து ஆட்டம் அடித்துப்போட்டுக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். மேனேஜருக்கு ரோஷம். உன்னைப் பார்த்து, "நீ ஆடுடா. இவனை ஒரு வழி பண்ணு" என்றார். ஹால் நிறைய ஆட்கள். நீ ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, திரும்பி, வாசலில் இருந்த என்னைப் பார்த்து, "ஜெயிக்கட்டுமாப்பா?" என்று கேட்டாய்.

பந்தியில் எல்லோரும் சிரித்தது இந்த இடத்தில்தான். அன்று அந்த ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் ஏதோ இளித்துக்கொண்டு, "ஆடுடா, ஆடு" என்றேன். நீ ஆடினாய். உன் கோட்டில் ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் இரண்டு ரவுண்டையும் எடுத்தாய். மேனேஜர் பையன் டிவியைப் பார்க்கவில்லை, உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை ஞாயிறும் தான் ஜெயித்தது எப்படியென்று அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப்பின் அவன் உன்னைக் கூப்பிடவே இல்லை. நீ இரண்டு ஞாயிறு தலை வாரிக்கொண்டு காத்திருந்தாய். அவன் உனக்குச் சிநேகிதனாகியிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிநேகிதத்தையும் கெடுத்தவன் நான்.

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உன் பையன் இத்தனை நாளும் நீ சொல்லித்தானே தோத்தான்?" என்றார். "ஆமா சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சொன்னா கேக்கறவன்தான்யா எனக்கு வேணும். தேவராஜ் நல்ல வேலைக்காரன். ஆனா வாயத் தொறந்தா கேள்வி. கான்ட்ராக்ட் ஆளுக்குக் கையுறை ஏன் இல்லன்னு என்னையே கேக்கறான்" என்று சொல்லி பர்மனென்ட் ஆர்டரை என் பக்கம் நகர்த்தினார். "அவர் எனக்கு முன்னாடி சேந்தவர் சார்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கையுறையை அவர் எனக்கும் சேர்த்துத்தான் கேட்டார் என்றாவது சொல்லியிருக்கலாம். "தேங்க்ஸ் சார்" என்றேன்.

இந்த இடம்வரை உனக்கு ஓரளவு தெரியும், அல்லது ஊகித்திருப்பாய். இனி எழுதுவது உனக்குத் தெரியாது.

அடுத்த கோடையில் மில்லில் கான்ட்ராக்டர் மாறினார். புது லிஸ்டில் தேவராஜ் பெயர் இல்லை. ஸ்டெல்லாவின் அண்ணன் காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்தார். அங்கே போக முடிவு செய்தார்கள். நீ பரீட்சை லீவுக்கு அம்மாவோடு அவள் ஊருக்குப் போயிருந்தாய். சாமான் ஏற்றிய வண்டி நிற்கும்போது தேவராஜ் அந்த டிவி கேம் பெட்டியை ஸ்டெல்லாவின் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "முரளி வந்தா குடுத்துடுண்ணா. மாமா சொல்லிக்காமப் போய்ட்டாருன்னு நெனைக்கப் போறான். லீவுல ஊட்டுக்கு வரச் சொல்லு. பொன்னேரி ஸ்டேஷன்ல எறங்கச் சொல்லு, நான் வந்து கூட்டினு போறேன்." ஒரு துண்டுத் தாளில் விலாசமும் எழுதிக் கொடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அதை உனக்குக் கொடுக்கவில்லை. நீ அவர் வீட்டுக்குப் போனால் அவரோ ஸ்டெல்லாவோ என்றாவது ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெட்டி வீட்டில் இருந்தால் நீ தினமும் அவரைக் கேட்பாய். தாளைக் கிழித்தேன். பெட்டியை மில்லுக்கு எடுத்துப்போய் உலைக்குப் போகும் இரும்புக் குவியலில் போட்டேன். அங்கே காந்தக் கிரேன் வந்து இறங்கி, சுற்றியிருந்த ஆணி, தகரம், உடைந்த சேர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பெட்டி மட்டும் அப்படியே கிடந்தது. பிளாஸ்டிக்கைக் காந்தம் எடுக்காது என்பது எலக்ட்ரீஷியனான எனக்குத் தோன்றவே இல்லை. நானே போய்க் காலால் மிதித்து உடைத்துக் குப்பையில் வாரிப் போட்டேன்.

ஊரிலிருந்து வந்ததும் நீ ஓடியது அவர்கள் வீட்டுக்குத்தான். பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா எங்கப்பா?" என்றாய். "காலி பண்ணிக்கினு போய்ட்டான். சொல்லாம கொள்ளாம போய்ட்டான்" என்றேன். "என்கிட்ட கூடவா?" என்றாய். "உங்கிட்ட கூடத்தான்." இரண்டு நாள் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய்ப் போய் உட்கார்ந்திருந்தாய். மூன்றாம் நாள் போகவில்லை. அம்மாவுக்குப் பெட்டியைப் பற்றி இன்றுவரை தெரியாது. இதைப் படித்துவிட்டு நீ சொல்வதானால் சொல்.

அந்த பர்மனென்ட்டினால்தான் நீ படித்தாய் என்று என்னை நானே தேற்றிக்கொண்ட வருடங்கள் உண்டு. மேனேஜர் நான்கு வருடத்தில் மாற்றலாகிப் போனார்; போகும்போது என் பெயரை மாற்றிச் சொல்லிக் கைகொடுத்தார். மில்லும் அப்புறம் கைமாறி எங்களை வீட்டுக்கு அனுப்பியது. அதெல்லாம் போகட்டும். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ ஒன்று சொன்னாய். ஒரு வருடம் நீ செய்த வேலையை உன் ஆபீசில் வேறு ஒருவன் தன் பெயரில் காட்டிப் பதவி வாங்கிக்கொண்டான் என்று. "பெரிய எடத்துப் பையன்பா, உட்டுட்டேன். பரவால்ல" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். கடைசி அடியைத் தவறவிட்டுத் தொடையில் அடித்துக்கொள்ளும் பிள்ளையின் முகம் அது. கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா சொல்ல வேண்டிய புத்தி நிறைய இருக்கும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. தோற்கிற இடத்தில் தோற்றுப் போ. ஜெயிக்கிற இடத்தில் யார் முகத்தையும் திரும்பிப் பார்க்காதே. என் முகத்தையும்தான்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நான் காட்டுப்பள்ளிக்குப் போனேன். விசாரித்து விசாரித்துத்தான் வீட்டைப் பிடித்தேன். ஸ்டெல்லா கதவைத் திறந்து, "யாரு?" என்றார். அடையாளம் தெரிந்ததும் வாங்க என்று சொல்லவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டார். தேவராஜுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. துறைமுகத்தில் எலக்ட்ரிக்கல் வேலை, இன்றும் கான்ட்ராக்ட்தான். பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். உன் பெயருக்குப் பின்னால் போட்டிருந்த பட்டத்தை விரலால் தடவினார். அப்புறம் கேட்டார்:

"நான் குடுத்த கேமு எத்தினி வருஷம் ஓடிச்சுண்ணா?"

பொய் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "அவங்கிட்ட நான் குடுக்கவே இல்ல தேவா. நீ சொல்லாமப் போய்ட்டன்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "வேலைய நீ எடுத்துக்கினது எனுக்கு அப்பவே ஆறிப்போச்சுண்ணா. ஊட்ல கொழந்த கீது, எடுத்துக்கினான்னு நெனச்சேன். ஒவ்வொரு லீவுக்கும் பையன் வருவான்னு பாத்தேன். வர்ல. அவனுக்கும் நாங்க வாணாம்னு ஆய்ட்டோம்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார். எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

ஸ்டெல்லாதான் பத்திரிகையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நீ கூப்ட்டு நாங்க வர மாட்டோம். அவனுக்கு எல்லாத்தையும் சொல்லு. சொன்னப்புறம் அவனா வந்து கூப்ட்டா வரோம்" என்றார். பஸ் ஸ்டாப்புக்கு வழி கேட்டேன், அதையும் சொன்னார்.

அதனால்தான் இதை எழுதினேன். மன்னிக்கச் சொல்லி இல்லை. உனக்குக் கோபம் வந்தால் அந்தக் கோபம் இந்தத் தடவை சரியான ஆள் மேல் வரட்டும். அவர்கள் விலாசத்தைத் தனித் தாளில் தெளிவாக எழுதியிருக்கிறேன். தேவராஜுக்குப் புதன்கிழமை லீவு. யாமினியையும் கூட்டிக்கொண்டு போ. நான் கூட வரமாட்டேன். இதோடு ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன். உறையின் மேல் பெயர் எழுதவில்லை, உன் கையால் எழுது. அவர்கள் வந்தால் நீ தாலி கட்டும்போது உன் பக்கத்தில் நிற்கட்டும். நான் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா